"பொண்ணு நிறமா?"



சென்ற மாதம் மஃரிபுக்குப் பிறகு ஒரு தகப்பனார் என் அறைக்கு வந்தார். மகளை மூன்று இடத்தார் வந்து பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள். நாலாவது இடத்துக்கு அனுப்பும் போட்டோவை செல்போனில் ஃபில்டர் போட்டு வெளுப்பாக்கியிருக்கிறார்கள். அதைப் பார்த்த பிள்ளை, "அத்தா, இது யாரு?" என்று கேட்டாளாம்.

சொல்லும்போதே அவர் அழுதுவிட்டார். எனக்கும் பேச்சு வரவில்லை. ஏனென்றால் இந்தப் பாவத்தில் எனக்கும் பங்கு உண்டு. எத்தனை சம்பந்தம் பேசியிருக்கிறேன்! "மாநிறம்தான், ஆனா நல்லா ஓதின பிள்ளை" என்று இந்த வாயால் சொல்லியிருக்கிறேன். அந்த "ஆனா" எதற்கு? அல்லாஹ் கொடுத்த நிறத்துக்கு நான் யாரிடம் மன்னிப்புக் கேட்டேன்?

விளம்பரக்காரர்களைத் திட்டுவது லேசு. 1975-இல் வந்த 'ஃபேர் அண்ட் லவ்லி' கூட 2020-இல் 'குளோ அண்ட் லவ்லி' என்று பெயரை மாற்றிக்கொண்டது. நம் வீட்டுக் கேள்வி மாறவில்லை. அந்தக் கேள்விக்குப் பயந்துதான் பிள்ளைகள் கண்ட கிரீமையும் பூசுகிறார்கள். 2023-இல் கேரளாவின் மலப்புறத்தில், வெள்ளையாக்கும் கிரீம் பூசியவர்களுக்குச் சிறுநீரகம் பாதித்ததை மருத்துவர்கள் கண்டார்கள். சில கிரீம்களில் இருந்தது பாதரசம்!

புகாரியில் ஒரு ஹதீஸ். இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் தம் மாணவர் அதாஃ (ரஹ்) அவர்களிடம், சொர்க்கத்துப் பெண்மணி ஒருவரைக் காட்டட்டுமா என்று கேட்டார்கள். காட்டியது ஒரு கறுப்பு நிறப் பெண்மணியை. வலிப்பு நோய் உள்ளவர். குணமாக துஆ வேண்டுமா, பொறுத்துக்கொண்டு சொர்க்கம் வேண்டுமா என்று பெருமானார் (ஸல்) அவர்கள் கேட்டபோது, பொறுத்துக்கொள்கிறேன் என்றார். வலிப்பு வரும்போது ஆடை விலகாமலிருக்க மட்டும் துஆ கேட்டார். பெருமானாரும் துஆ செய்தார்கள்.

கவனியுங்கள். நிறத்தைச் சொல்லித்தான் அடையாளம் காட்டுகிறார்கள். மறைக்கவில்லை. "ஆனா" போடவில்லை.

"பெண் பார்ப்பது சுன்னத்தாச்சே ஹஜ்ரத்?" என்பீர்கள். ஆம், மாப்பிள்ளை பார்க்கலாம். பத்துப் பேர் வேனில் வந்து சமோசா சாப்பிட்டுவிட்டு, "சொல்லி அனுப்புறோம்" என்று போவதற்கு எந்தக் கிதாபில் இடம் இருக்கிறது?

அந்தப் பிள்ளையின் ஃபில்டர் போடாத போட்டோவைத்தான் இந்த முறை கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். சம்பந்தம் பேசப் போகும்போது நிறத்தைப் பற்றி நான் வாய் திறக்கமாட்டேன். நீங்களும் கேட்காதீர்கள். உங்கள் வீட்டுத் தாய்மார்களிடமும் இன்றே சொல்லிவிடுங்கள்.

யா அல்லாஹ், அந்தப் பிள்ளைக்கு ஸாலிஹான துணையைத் தருவாயாக. ஆமீன்.