முளைத்த முடியும் மறக்கக் கூடாத நன்றியும்

 



வழுக்கைத் தலையில் முடி நட்டுக்கொள்ளும் சிகிச்சை இன்று நம் வீடுகளுக்குள்ளும் வந்துவிட்டது. இதற்காகவே துருக்கியின் இஸ்தான்பூல் நகருக்குச் செல்வோரும் உண்டு. ஆனால் செய்துகொண்ட சில மாதங்களில் பலருக்குப் புதுக் கவலை ஒன்று பிறக்கிறது. நட்ட முடி பழைய முடியைப் போல் இல்லை. கம்பி போல் விறைத்தும், சுருண்டும், வறண்டும் நிற்கிறது. 'அல்லாஹ்வின் படைப்பை மாற்றியதற்குக் கிடைத்த தண்டனையோ இது?' என்று சிலர் அஞ்சுகிறார்கள். 'நம் ஒளுவும் குளிப்பும் சேருமா?' என்று சிலர் மயங்குகிறார்கள்.

முதலில் மார்க்கச் சட்டத்தைப் பார்ப்போம். பிறர் முடியைத் தம் முடியோடு ஒட்டவைப்பதைப் பெருமானார் (ஸல்) அவர்கள் வன்மையாகத் தடுத்துள்ளார்கள். நோயால் முடி உதிர்ந்த மணப்பெண்ணுக்காக அவளுடைய தாய் வந்து கேட்டபோதும் அனுமதி தரவில்லை. ஆனால் முடி நடுவது அப்படியன்று. பிடரிப் பக்கத்தில் உள்ள தன் சொந்த மயிர்க்காலையே வேரோடு எடுத்து, வெற்றிடத்தில் பதிக்கிறார்கள். அது அங்கே உயிரோடு வளர்கிறது. போரில் மூக்கை இழந்த அர்ஃபஜா (ரலி) அவர்கள் வெள்ளியில் மூக்குச் செய்து வைத்து, அது துர்நாற்றம் வீசியபோது, தங்கத்தால் செய்துகொள்ளும்படி நபி (ஸல்) அவர்கள் கூறினார்கள். அபூதாவூத், திர்மிதீ முதலிய நூல்களில் இது பதிவாகியுள்ளது. இழந்ததை மீட்பது வேறு. படைப்பில் குறை கண்டு மாற்றுவது வேறு என்பது இதிலிருந்து விளங்கும். 2007-ஆம் ஆண்டு மலேசியாவின் புத்ராஜயாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகாடமியும், உதிர்ந்த முடிக்குப் பதிலாக முடி நடுவதை அனுமதிக்கப்பட்ட சிகிச்சைகளில் சேர்த்தது. எனினும் வட்டிக்குக் கடன் வாங்கியோ, மனைவி மக்களின் செலவைக் குறைத்தோ, ஜகாத்தை நிறுத்தி வைத்தோ இதைச் செய்வதற்கு யாரும் அனுமதி தரவில்லை.

இனி, முடியின் தன்மை ஏன் மாறுகிறது? 1952-இல் நியூயார்க்கில் டாக்டர் நார்மன் ஒரென்ட்ரைக் இச்சிகிச்சையை வழுக்கைக்குச் செய்யத் தொடங்கினார். நடப்பட்ட முடி தான் எடுக்கப்பட்ட இடத்தின் குணத்தையே தொடரும் என்பதை அவர் எடுத்துக்காட்டினார். ஆகவே பிடரியின் தடித்த முடி நெற்றிக்கு வந்தாலும் தடித்தே இருக்கும். தாடியிலிருந்து எடுத்தால் இன்னும் முரடாக இருக்கும். அத்துடன், வேரைப் பிடுங்கி நடும்போது அது சற்றுக் காயப்படுகிறது. முடிக்கு எண்ணெய்ப் பசை தரும் சுரப்பி சேதமடைவதும் உண்டு. சுற்றிலும் தழும்பு கட்டுகிறது. நட்ட முடி சில வாரங்களில் உதிர்ந்து, மூன்று நான்கு மாதங்களில் மீண்டும் முளைக்கும்போது மெலிந்தோ சுருண்டோ வருவது இதனால்தான். பெரும்பாலோருக்கு ஓராண்டு, ஒன்றரை ஆண்டுக்குள் இது சீராகிவிடும். சிலருக்குச் சிறிது மாறுதல் நிலைத்தும் போகலாம். காயம் ஆறும் வழியாக அல்லாஹ் அமைத்த இயற்கை இது. இதைத் தண்டனை என்று எண்ணி மனம் புழுங்க வேண்டியதில்லை.

வணக்கத்திற்கு வருவோம். நட்ட முடி உடலின் உறுப்பே. எனவே அதன் மேல் மஸ்ஹுச் செய்தால் ஒளு கூடும். முன்வழுக்கை விழுந்த இடம் தலையைச் சேர்ந்ததே. அங்கு முளைத்ததும் தலைமுடியே. கடமையான குளிப்பில் மட்டும் கூடுதல் கவனம் வேண்டும். முடி சுருண்டு நெருங்கி நின்றால் நீர் மேலோடு வழிந்துவிடும். பெருமானார் (ஸல்) அவர்கள் குளிக்கும்போது, விரல்களை நீரில் நனைத்து முடியின் வேர்களைக் கோதிவிட்ட பின்னரே தலையில் நீர் ஊற்றியதாக ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். அந்த ஸுன்னத்தை நாமும் பேணினால் போதும்.

சிகிச்சை முடிந்த முதல் சில நாட்களில் அந்த இடத்தில் நீர் படக் கூடாது என்று மருத்துவர் தடுப்பார். ஒளுவில் காயமில்லாத பகுதியில் மஸ்ஹுச் செய்துகொள்ளலாம். குளிப்புக் கடமையானால் காயத்திற்குரிய சட்டங்களை உங்கள் மத்ஹபின் ஆலிமிடம் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். குனிய வேண்டாமென்றால் சைகையால் ருகூஉம் ஸஜ்தாவும் செய்து தொழுங்கள். 'தலையில் கட்டு இருக்கிறது' என்று தொழுகையையே விட்டுவிட எந்த அனுமதியும் இல்லை.

சகோதரர்களே! புகாரியிலும் முஸ்லிமிலும் வரும் ஒரு வரலாற்றை இங்கே நினைவுகூர வேண்டும். பனூ இஸ்ராயீல்களில் குஷ்டரோகி, வழுக்கையர், குருடர் என்று மூவர் இருந்தனர். அவர்களிடம் அல்லாஹ் ஒரு மலக்கை அனுப்பினான். வழுக்கையர் அழகிய முடியைக் கேட்டார். மலக்கு தடவியதும் முடி முளைத்தது. கூடவே சினைப்பசு ஒன்றும் கொடுக்கப்பட்டது. அது பெருகி மந்தையாயிற்று. பின்னொரு நாள் அதே மலக்கு, வழுக்கைத் தலையுடைய ஏழை வழிப்போக்கராக வந்து ஒரு பசுவைக் கேட்டார். அவரோ, 'எனக்குப் பொறுப்புகள் அதிகம். இது என் முன்னோர் வழிவந்த சொத்து' என்று மறுத்துவிட்டார். குஷ்டரோகியும் அவ்வாறே மறுத்தார். குருடர் மட்டும் தன் பழைய நிலையை ஒப்புக்கொண்டு, வேண்டியதை எடுத்துக்கொள்ளச் சொன்னார். அவர்மீது அல்லாஹ் திருப்தி கொண்டான். மற்ற இருவர் மீதும் கோபம் கொண்டான்.

முடியைக் கேட்டதற்காக அவர் பிடிக்கப்படவில்லை என்பதைக் கவனியுங்கள். முடி வந்தபின் நன்றியை மறந்ததற்காகவே பிடிக்கப்பட்டார். கண்ணாடி முன்னால் நின்று, 'இது சுருண்டுவிட்டதே, அது விறைத்துவிட்டதே' என்று நாள்தோறும் குறை தேடுகிறவரும் அந்த ஆபத்துக்கு அருகில்தான் நிற்கிறார். நேற்று இல்லாதது இன்று இருக்கிறது. அதற்கு ஷுக்ரு எங்கே? நேற்று தன்னைப் போலிருந்தவரை இன்று 'வழுக்கை' என்று கேலி செய்தால் அந்த மறதி எவ்வளவு பெரியது! பெண் வீட்டார் கேட்டால் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். முடி உள்ளவர் அதைக் கண்ணியமாகப் பேணட்டும் என்பதும் நபிமொழிதான். எண்ணெய் தடவுங்கள், வாருங்கள், பொறுத்திருங்கள்.

முடி சிகிச்சையால் முளைத்தாலும் ஒரு நாள் நரைக்கும், உதிரும். அல்லாஹ் நம் தோற்றங்களைப் பார்ப்பதில்லை. உள்ளங்களையும் செயல்களையுமே பார்க்கிறான். தந்ததற்கு நன்றி செலுத்தும் நாவையும், தராததைப் பொறுத்துக்கொள்ளும் உள்ளத்தையும் நம் அனைவருக்கும் அல்லாஹ் தந்தருள்வானாக! ஆமீன்.