நடுக்கடலில் திருவுளச்சீட்டு

கடலின் பயங்கரத்தைச் சித்திரக்கதையாக வரையப் புகும் கலைஞர்களிற் பெரும்பாலோர், ஆழத்திலிருந்து எழும்பும் பூதாகாரமான ஜந்து ஒன்றைத் தேடியே செல்கின்றனர். தொல்காப்பியரும் அச்சம் பிறக்கும் இடங்களைத் தெய்வம், விலங்கு, கள்வர், தலைவன் என நான்காக வகுத்தார். நான்கும் அஞ்சுகிறவனுக்குப் புறத்தே நிற்பவை. ஆயினும் எஸ்ஸெக்ஸ் என்னும் கப்பலின் விருத்தாந்தத்தை ஒருவர் வரையத் துணிவாராயின், அதில் வரும் திமிங்கலத்துக்கு முதற் சில பக்கங்களே போதுமென்பது என் எண்ணம்.

அமெரிக்காவின் நான்டக்கெட் தீவிலிருந்து 1819-இல் திமிங்கல வேட்டைக்குப் புறப்பட்ட அக்கப்பலை, 1820 நவம்பர் 20 அன்று, பசிபிக் மகா சமுத்திரத்தின் நடுவே, பெருந் திமிங்கலம் ஒன்று இருமுறை மோதிச் சிதைத்தது. இருபது பேர் மூன்று சிறு படகுகளில் தப்பினர். காற்றின் போக்கிலே மேற்கு நோக்கிச் சென்று சொசைட்டித் தீவுகளை அடைந்துவிடலாமென்று தலைவர் ஜார்ஜ் பொலார்டு கருதினார், அத்திசைத் தீவுகளில் நரமாமிசம் உண்போர் வாழ்வதாகக் கேள்விப்பட்டிருந்த ஓவன் சேஸ் முதலிய துணை அதிகாரிகள் அதற்கு இசையவில்லை, தலைவரும் பணிந்தார். எதிர்க்காற்றில், பல்லாயிரம் மைல்களுக்கு அப்பாலிருந்த தென்னமெரிக்காவை நாடி அவர்கள் படகுகளைச் செலுத்தினர். கண்ணால் காணாத அந்நியரிடம் எந்தப் பாவத்தைக் கற்பித்து அவர்கள் நடுங்கினரோ, அந்தப் பாவத்தையே பசி அவர்கள் கையால் செய்வித்தது: இறந்த தோழர்களின் உடலைப் புசித்தனர், 1821 பிப்ரவரியில், பொலார்டின் படகில் எஞ்சிய நால்வர், யார் மடிவதென்று திருவுளச்சீட்டும் போட்டனர். அது பொலார்டின் உறவினனான ஓவன் காஃபின் என்னும் வாலிபன் மீது விழுந்தது.

அந்தச் சீட்டில் பேசியது ஈசுவரனா? விவிலியத்தில் வரும் யோனாவின் சரிதத்திலும் புயலில் அகப்பட்ட மாலுமிகள் சீட்டுப் போடுகின்றனர். ஆனால் அங்கே சீட்டு ஓர் அபராதியைக் காட்டிற்று. அப்படியிருந்தும் அந்த மாலுமிகள் அவனைக் கடலில் எறிய மனமின்றி, கரைசேர முயன்று தண்டு வலித்தார்கள் என்பதை நான் வியந்து வியந்து படித்திருக்கிறேன். காஃபினிடம் குற்றமேதுமில்லை. புரோகிதர் எவரும் இடைநில்லாமலே தெய்வ ஒளி ஒவ்வொருவர் அந்தராத்மாவிலும் உண்டென்று போதித்த குவேக்கர் மார்க்கம் தழைத்த தீவிலிருந்து வந்த கப்பல் அது. அதன் மனிதர்கள் காகிதத் துண்டுகளிடம் தீர்ப்புக் கேட்க நேர்ந்ததை எண்ணுந்தோறும் என் நெஞ்சம் பதைக்கிறது. சீட்டு நால்வருக்கும் பொதுவாயிருந்தது. அதற்குமேல் அதற்கு எந்த மகிமையையும் நான் கொடுக்க மாட்டேன். தெய்வத்துக்குப் பொறுப்பை ஏற்றிவிட்டு மனிதன் ஒதுங்கிக்கொள்ளும் வழியாகவே அது எனக்குத் தோன்றுகிறது.

உனக்குப் பதில் நான் மடிகிறேனென்று பொலார்டு முன்வந்ததாகவும், வாலிபன் அதை மறுத்துத் தன் பங்கைத் தானே ஏற்றதாகவும் பிற்கால விருத்தாந்தங்கள் கூறுகின்றன. பக்தன் ஒருவன் ஈசுவர சம்மதத்தை அப்படகில் தேடுவானாயின், தலைவர் கொடுக்க முன்வந்ததிலும் பிள்ளை வாங்க மறுத்ததிலும்தான் தேடவேண்டும்; இருபது பேரில் எட்டுப் பேர் உயிர் பிழைத்ததை அதற்குச் சாட்சியாகக் காட்ட அவனுக்கு உரிமையில்லை.