கிணற்றை ஆழமாக்காதீர்கள்

கிணறு உவர்த்துவிட்டதென்று இன்னும் பத்தடி வெட்ட ஆள் தேடும் வலிகாமத்துத் தோட்டக்காரரே, கொஞ்சம் பொறுங்கள். வெட்டுகூலியாகக் கொடுக்க வைத்திருக்கும் காசு மடியிலேயே இருக்கட்டும்.

யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு வற்றாத ஆறு கிடையாது. வழுக்கையாறுகூட மாரியில்தான் ஓடும். நமக்கிருப்பதெல்லாம் சுண்ணக்கல் வெடிப்புகளில் தேங்கிய மழைத்தண்ணீர். அதுவும் பாரமான கடல்நீரின் மேல் மிதந்துகொண்டிருக்கிறது. புத்தூர் நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீர், ஆழம் போகப் போக உப்பு என்பது ஊரறிந்த சங்கதி. கடல்மட்டத்துக்கு மேலே நன்னீர் ஓரடி நின்றால், அதற்குக் கீழே ஏறத்தாழ 40 அடிக்கு நன்னீர் இருக்கும் என்பது நிலத்தடி நீர்க் கணக்கு. மோட்டர் அந்த ஓரடியை இறக்கிவிட்டால் அடியிலிருக்கும் உப்பு அந்த 40 அடியும் ஏறப் பார்க்கும். இதில் நீங்கள் பத்தடி கீழே இறங்கிப் போய் அதை எதிர்கொண்டு அழைக்கப் போகிறீர்கள்! துலா மிதித்த காலத்தில் ஆள் களைத்தால் இறைப்பு நின்றது, கிணறு ஊறியது. மோட்டருக்குக் களைப்பில்லை. நிறுத்த வேண்டியது நாம்தான்.

தறையைப் போய்ப் பாருங்கள். மண் ஈரமாக இருக்கிறது, மிளகாய்க் கன்றோ மத்தியானத்தில் தலைசாய்கிறது. உப்பு கரைந்த நீரை வேர் இழுப்பதற்கு வலு கூட வேண்டும். ஈரம் காலடியில் இருந்தும் கன்றுக்கு எட்டவில்லை. அதைத் தாகமென்று எண்ணி அதே உவர்த்தண்ணீரை மேலும் இறைக்கிறோம். வெயில் தண்ணீரை மட்டும் எடுத்துக்கொண்டு உப்பை விட்டுவிட்டுப் போகும். ஈரம் பாதியானால் மிச்ச ஈரத்தில் உப்பு இரட்டிப்பு.

உப்பைக் காட்டும் மின்கடத்துதிறன் மீற்றருக்கு 2 டெசிசீமன்ஸ் உள்ள தண்ணீரை ஒரு பரப்புக்கு ஓரங்குலம் இறைத்தால் 8 கிலோ உப்பு மண்ணில் சேர்கிறது. பத்து இறைப்பில் 80 கிலோ. அதைக் கடையில் வாங்கிவந்து வெங்காயத் தறையில் தூவுங்கள் என்று சொன்னால் என்னை அடிக்க வருவீர்கள். மண்சாற்றில் அதே அளவு 1.2 தாண்டினாலே வெங்காயம் குறையத் தொடங்கும், 3 ஆனால் கால்வாசிக்கு மேல் போய்விடும். பீற்றூட் 4 வரை தாங்கும். புகையிலை செழித்து நிற்பதுபோலத் தெரியலாம்; ஆனால் குளோரைட் ஏறிய இலை ஒழுங்காக எரியாது. எரியாத புகையிலையை யார் வாங்குவது?

ஆகவே, முதலில் தண்ணீரை அளப்பியுங்கள். விவசாயப் போதனாசிரியரைக் கேட்டால் வழி சொல்லுவார். உவர்த்தண்ணீரை நாற்றுமேடைக்குக் காட்டவே வேண்டாம், இலையில் தெளிக்கவும் வேண்டாம். ஒரே மூச்சில் இறைக்காமல் கிணறு ஊற விட்டு விட்டு இறையுங்கள். குழையோ வைக்கோலோ பரப்பி வெயிலை மறையுங்கள். மாரியில் வரம்பைக் கட்டி மழையைத் தறையிலேயே நிறுத்துங்கள். உப்பைக் கழுவி இறக்க மழையைத் தவிர வேறு நல்ல தண்ணீர் நமக்கில்லை. அந்த மழையைத் தேக்கும் குளத்தை நிரவிக் காணியாக்குபவர்கள் இதைக் கேட்கமாட்டார்கள் என்று தெரியும். அவர்களைக் கேட்கவைக்க வேண்டியதும் நீங்கள்தான்.

ஓரடி நிலத்துக்காக வேலி வழக்குப் பேசிய சனம் நாங்கள். அந்த வேலிகளுக்குக் கீழே தண்ணீர் ஒன்றுதான். இரவிரவாக ஓடும் உங்கள் மோட்டர், மோட்டரே இல்லாத பக்கத்து வீட்டுக்காரியின் குடிதண்ணீர்க் கிணற்றையும் உவராக்கும். உழைப்பென்று இதற்குப் பெயர் வைக்க முடியாது. அடுத்த வெங்காயம் நடுமுன் சுற்றியிருக்கும் கிணற்றுக்காரரையெல்லாம் கூப்பிட்டு, ஆளுக்கு எத்தனை மணித்தியாலம் இறைப்பதென்று பேசி முடியுங்கள். பேச்சைத் தொடக்கும்போது உங்கள் மணித்தியாலத்தை முதலில் குறைத்துச் சொல்லுங்கள்.