அழைப்பிதழோடு வந்த திருட்டு

2017 மார்ச் மாதம், அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் ஜிஇ ஏவியேஷன் நிறுவனத்தில் வேலை பார்த்த ஒரு பொறியாளருக்குச் சீனாவின் நான்ஜிங் நகரிலிருந்து அழைப்பு வந்தது. அழைத்தது விமானவியலுக்குப் பேர்போன ஒரு பல்கலைக்கழகம். எங்கள் ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் ஓர் உரை நிகழ்த்துங்கள், செலவெல்லாம் எங்களுடையது என்றார்கள். ஜூனில் போனார், பேசினார். பயணச் செலவு போகக் கையில் 3,500 டாலர் கொடுத்தார்கள். மாகாண அறிவியல் தொழில்நுட்பச் சங்கத்தைச் சேர்ந்தவன் என்று சொல்லிக்கொண்டு ஒருவர் வேறொரு பெயரில் அறிமுகமானார். அவருடைய உண்மைப் பெயர் ஷு யான்ஜுன். சீன அரசுப் பாதுகாப்பு அமைச்சகத்தின் ஜியாங்சு மாகாணப் பிரிவில் உளவு அதிகாரி.

மிரட்டியவர் யாருமில்லை. படித்த மனிதருக்குச் செய்யும் மரியாதை மட்டும்தான் அங்கே நடந்தது. ஆண்டுக்கணக்கில் உழைத்துக் கற்ற விஷயத்தைப் பற்றி வந்து பேசுங்கள் என்று கூப்பிட்டால் எந்தப் பொறியாளருக்குத்தான் மனம் குளிராது? வணிக உளவு பெரும்பாலும் இந்த இடத்தில்தான் தொடங்குகிறது.

ஷு தேடியது, விமான எஞ்சினின் முன்பக்கம் சுழலும் விசிறித் தகடுகளின் நுட்பத்தை. ஜிஇ90 எஞ்சினில் இவை கார்பன் இழைக் கூட்டுப்பொருளால் ஆனவை. 1995இல் பயணிகள் விமானத்தில் பறக்கத் தொடங்கின. உலோகத்தைவிட எடை குறைவு, அதனால் எரிபொருள் மிச்சம். ஆனால் முழு வேகத்தில் சுழலும்போது ஒரு பறவை வந்து மோதினாலும் தகடு சிதறிவிடக் கூடாது. இழையை எந்தக் கோணத்தில் எத்தனை அடுக்கு வைப்பது, எவ்வளவு சூட்டில் எவ்வளவு நேரம் இறுக வைப்பது என்பதெல்லாம் பல ஆண்டுகள் தோற்றுத் தோற்றுக் கற்ற பாடங்கள். வரைபடத்தைத் திருடுகிறவன் அந்தத் தோல்விகளின் பலனைத்தான் எடுத்துக்கொண்டு போகிறான்.

இந்த வழக்கில் எஃப்பிஐ விழித்துக்கொண்டது. நிறுவனமும் பொறியாளரும் ஒத்துழைத்தார்கள். 2018 பிப்ரவரியில் ஷு, அலுவலகக் கணினியில் உள்ள கோப்புகளின் பட்டியலை மட்டும் அனுப்பச் சொன்னார். கோப்புகளைக் கேட்கவில்லை, பட்டியல்தானே என்று தோன்றும்படி கேட்டார். ஏப்ரலில் பெல்ஜியத்தில் சந்திக்கலாம் என்று ஏற்பாடாயிற்று. அங்கே கைதானார். ஒரு சீன உளவு அதிகாரி விசாரணைக்காக அமெரிக்காவிடம் ஒப்படைக்கப்பட்டது அதுவே முதல் முறை. 2021 நவம்பரில் சின்சினாட்டி நடுவர் குழு அவரைக் குற்றவாளி என்றது. 2022இல் இருபது ஆண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. 2024 நவம்பரில் இரு நாடுகளும் கைதிகளைப் பரிமாறிக்கொண்டபோது விடுதலையானார்.

அங்கே திருட்டு நடக்கும் முன்பே தடுத்துவிட்டார்கள். தடுக்க முடியாமல் போன இடத்தையும் பார்க்க வேண்டும். மாசசூசெட்ஸில் அமெரிக்கன் சூப்பர்கண்டக்டர் என்ற நிறுவனம் காற்றாலைகளுக்கான கட்டுப்பாட்டு மென்பொருளும் மின்கருவிகளும் செய்துவந்தது. அதன் மிகப் பெரிய வாடிக்கையாளர் சீனாவின் சினோவெல். 80 கோடி டாலருக்கு மேல் ஒப்பந்தம் இருந்த நிலையில், 2011 மார்ச்சில் சினோவெல் சரக்கைத் திடீரென்று வாங்க மறுத்தது. சில மாதம் கழித்துச் சீனாவில் ஒரு காற்றாலையைச் சோதிக்கப்போன அமெரிக்கன் சூப்பர்கண்டக்டர் ஊழியர்களுக்கு விஷயம் பிடிபட்டது. சோதனைக் காலம் முடிந்ததும் தானாக நின்றிருக்க வேண்டிய காற்றாலை நிற்காமல் சுற்றிக்கொண்டிருந்தது. மென்பொருளின் பூட்டை யாரோ திறந்திருந்தார்கள். திறந்தவர் அதே நிறுவனத்தின் ஆஸ்திரியக் கிளையில் வேலை பார்த்த பொறியாளர். அவருக்கு ஆஸ்திரிய நீதிமன்றம் தண்டனை கொடுத்தது. சினோவெல் குற்றவாளி என்று 2018இல் விஸ்கான்சின் நடுவர் குழு தீர்ப்பளித்தது. அபராதம் 15 லட்சம் டாலர். அதுதான் சட்டம் அனுமதித்த உச்ச வரம்பு. அமெரிக்க நிறுவனத்துக்குச் சமரசத் தொகையாக 5.75 கோடி டாலர் கிடைத்தது. அதற்குள் பங்குதாரர்களின் 100 கோடி டாலருக்கு மேல் கரைந்துபோயிருந்தது. ஏறக்குறைய 700 பேர், ஊழியர்களில் பாதிக்கும் மேல், வேலை இழந்திருந்தார்கள். திருட்டுக்கு அரசே உத்தரவிட்டது என்று அந்த வழக்கில் நிறுவப்படவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அமெரிக்காவும் மற்ற மேற்கு நாடுகளும் யோக்கியமா என்று கேட்பவர்கள் உண்டு. கேட்க வேண்டிய கேள்விதான். இங்கிலாந்தின் நூற்பு இயந்திர நுட்பத்தை மனத்தில் பதித்துக்கொண்டு 1789இல் கப்பலேறிய சாமுவேல் ஸ்லேட்டரால்தான் அமெரிக்க நெசவாலைத் தொழில் வேர்விட்டது. சீனாவிலிருந்து தேயிலைச் செடிகளையும் விதைகளையும், பதப்படுத்தத் தெரிந்த தொழிலாளர்களையும் கிழக்கிந்தியக் கம்பெனிக்காக இமயமலைப் பகுதிக்குக் கொண்டுவந்தார் ராபர்ட் ஃபார்ச்சூன். 1848இல் சீன உடையணிந்து உள்நாட்டுக்குள் நுழைந்தவர் அவர். பிரேசிலின் பெட்ரோப்ராஸ் எண்ணெய் நிறுவனத்தை அமெரிக்க உளவுத்துறை குறிவைத்ததை அந்தத் துறையின் ஒப்பந்த ஊழியராக இருந்த எட்வர்ட் ஸ்னோடன் 2013இல் வெளியிட்ட ஆவணங்கள் காட்டின. எல்லாம் உண்மை. ஆனால் காற்றாலை நிறுவனத்தில் வேலை போன 700 குடும்பங்களுக்கும் ஃபார்ச்சூனுக்கும் என்ன சம்பந்தம்? பழைய திருட்டு புதிய திருட்டுக்கு நியாயமாகாது.

அரசியல்வாதிகளை வளைக்கவும் அதே இனிய வழிதான். ஆஸ்திரேலியாவில் தொழிற்கட்சி செனட்டர் சாம் தஸ்தியாரி, அலுவல் பயணப் படியில் வரம்பு மீறிச் செலவான 1,670 ஆஸ்திரேலிய டாலரைச் சீனத் தொடர்புகள் கொண்ட ஒரு கல்வி நிறுவனத்தைக் கட்ட வைத்தார். 2016 ஜூனில், கட்சிக்கு நன்கொடை கொடுத்த ஒரு சீனத் தொழிலதிபரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, தென்சீனக் கடல் விவகாரத்தில் தன் கட்சியின் நிலைக்கு மாறாகப் பேசினார். அந்தத் தொழிலதிபரிடம், உங்கள் கைப்பேசி ஒட்டுக்கேட்கப்படலாம் என்று எச்சரித்ததும் பிறகு வெளியே வந்தது. 2017 டிசம்பரில் பதவி விலகுவதாக அறிவித்தார். அந்நியர் நன்கொடை கொடுப்பதை அன்றைய ஆஸ்திரேலியச் சட்டம் தடுக்கவில்லை. ஒரு மேலவை உறுப்பினரின் குரல் இவ்வளவு சிறிய தொகையின் அருகில் போய் நின்றதே என்பதுதான் என்னை வருத்துகிறது.

ஆஸ்திரேலியா 2018இல் சட்டம் செய்தது. வெளிநாட்டு அரசுக்காகப் பேசுகிறவர் பதிவேட்டில் பெயரைப் பதிய வேண்டும். மறைவாகவோ ஏமாற்றியோ மிரட்டியோ அரசியலில் தலையிட்டால் குற்றம். அந்தச் சட்டம் எந்த நாட்டின் பெயரையும் சொல்லவில்லை. செய்த காரியம் என்ன, மறைத்துச் செய்தாரா என்று மட்டுமே பார்க்கிறது. அதைத்தான் நான் சரியான சட்டம் என்பேன். சீனாவுடன் உறவு கசந்ததற்கு விலையும் கொடுத்தார்கள். கொரோனா எங்கே தோன்றியது என்று விசாரிக்கக் கோரிய பின், 2020 மே மாதம் ஆஸ்திரேலியப் பார்லிமீது சீனா 80.5 சதவீத வரி போட்டது. பார்லி விவசாயிகள் மூன்று ஆண்டுக்கு மேல் அதைத் தாங்கினார்கள்.

சட்டம் காரியத்தை விட்டுவிட்டு முகத்தைப் பார்க்கத் தொடங்கினால் என்ன நடக்கும் என்பதற்கு அமெரிக்காவே சாட்சி. கலிபோர்னியாவில் ஜெட் புரொபல்ஷன் ஆய்வகத்தை உருவாக்கியவர்களில் ஒருவர் சியான் ஷுவேசென். இரண்டாம் உலகப் போர் முடியும் தறுவாயில் ஜெர்மன் ராக்கெட் அறிஞர்களை விசாரிக்க அமெரிக்கா அனுப்பிய குழுவில் இருந்தவர். 1950இல் அவரைக் கம்யூனிஸ்ட் என்று சந்தேகித்துப் பாதுகாப்பு அனுமதியைப் பறித்தார்கள். ஐந்து ஆண்டு கண்காணிப்பில் வைத்து, 1955இல் சீனாவுக்கு அனுப்பினார்கள். அவர் உளவு பார்த்ததாக எந்த நீதிமன்றத்திலும் நிரூபணமாகவில்லை. அங்கே போய்ச் சீனாவின் ஏவுகணைத் திட்டத்தைக் கட்டியெழுப்பினார். எந்த உளவாளியும் கொண்டுபோக முடியாத அறிவை வாஷிங்டன் தானே வழியனுப்பி வைத்தது.

அறுபது ஆண்டுக்குப் பிறகும் பாடம் ஏறவில்லை. ஒஹையோ நதியின் வெள்ளத்தை முன்கூட்டியே கணிக்கும் வேலை பார்த்த, சீனாவில் பிறந்த ஒரு பெண் நீரியல் வல்லுநர் 2014இல் கைதானார். அடுத்த ஆண்டே வழக்கைத் திரும்பப் பெற்றார்கள். எம்ஐடி பேராசிரியர் காங் சென் 2021 ஜனவரியில் கைதானார். ஓராண்டில் அந்த வழக்கும் கைவிடப்பட்டது. சீன வணிக உளவைப் பிடிக்க 2018இல் அமெரிக்க நீதித்துறை தொடங்கிய ‘சீனா முனைப்பு’ என்ற திட்டமே 2022 பிப்ரவரியில் மூடப்பட்டது.

இதைத் தூரத்துக் கதையாகப் படிக்க நம்மால் முடியாது. நாகர்கோவிலில் பிறந்து, மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரியில் படித்து, இஸ்ரோவில் விகாஸ் எஞ்சினை உருவாக்கிய நம்பி நாராயணன், கிரையோஜெனிக் தொழில்நுட்பத்தை விற்றார் என்ற குற்றச்சாட்டில் 1994 நவம்பர் 30 அன்று கேரளக் காவல்துறையால் கைது செய்யப்பட்டார். 1996இல் சிபிஐ அது பொய்யென்றது. 2018இல் உச்ச நீதிமன்றம் 50 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்கச் சொன்னது. கைதுக்கும் தீர்ப்புக்கும் இடையே இருபத்துநான்கு ஆண்டுகள்.

நாளை இன்னோர் உளவுச் செய்தி வரும். கைதானவரின் பெயரையும் ஊரையும் மதத்தையும் வைத்து முடிவுகட்டிவிடாதீர்கள். எந்தக் கோப்பு, யாரிடம் போனது, யார் பணம் கொடுத்தார், சான்று எங்கே என்று கேளுங்கள். பதில் கிடைத்தால் தண்டனை கடுமையாக இருக்கட்டும். கிடைக்கும்வரை அவரைத் துரோகி என்று எழுதாதீர்கள்.