டால்ஃபின் அனுபவிப்பது யாருடைய வினை?

அவரவர் செய்த வினையை அவரவர்தான் அனுபவிக்கணும். சமய வகுப்பில் நாம எல்லாரும் படிச்ச பாடம் இது. ஆனால், அமெரிக்காவின் ஃபுளோரிடா கரையோரம் இருக்கும் இந்தியன் ரிவர் காயலைப் பற்றிப் படித்ததிலிருந்து இந்தக் கணக்கு எனக்கு உதைக்கிறது.

2003 முதல் 2015 வரை அங்குள்ள 171 காட்டு டால்ஃபின்களிடமிருந்து 733 பாக்டீரியா மாதிரிகளை எடுத்துச் சோதித்தார்கள். அவற்றில் 88.2 விழுக்காடு, குறைந்தது ஓர் ஆண்டிபயாடிக்குக்காவது அடங்கவில்லை. எரித்ரோமைசின் என்ற மருந்துக்கு மட்டும் 91.6 விழுக்காடு அடங்கவில்லை. அந்த டால்ஃபின்கள் கிளினிக் வாசலையே மிதித்ததில்லை. மாத்திரை விழுங்கியது நாம். மருந்தும் அதில் பிழைத்த கிருமியும் கழிவுநீரோடு கடலுக்குப் போய்விடுகின்றன. கிருமி இருப்பதாலேயே டால்ஃபினுக்கு நோய் என்று ஆகிவிடாது, உண்மைதான். ஆனால் நோய் வந்தால் பார்க்க அங்கே டாக்டர் இல்லை.

நண்பர்களிடம் இதைச் சொன்னேன். "அது போன ஜென்ம வினைப்பா" என்றான் ஒருவன். எனக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை. டால்ஃபினின் முற்பிறவிக் கணக்கைப் படிக்கும் கண் நமக்கு இல்லை. நம்ம வீட்டுக் குழாயிலிருந்து என்ன போகுது என்பது மட்டும் தெரியும். தெரியாததைக் காட்டித் தெரிந்ததை மறைப்பதற்கா கர்மக் கொள்கை?

இன்னொருவன் கேட்டது கொஞ்சம் கஷ்டமான கேள்வி. "கெடுக்கணும்னு யாரும் நினைக்கலையே, எண்ணம் இல்லாம பாவம் எப்படி வரும்?" நியாயம்தான். நோயாளி மாத்திரை சாப்பிட்டதில் என்ன குற்றம்? ஆனால் தெரியாத வரைக்கும்தான் அந்தச் சமாதானம் நிற்கும். 2019-இல் அந்த ஆய்வு வெளிவந்துவிட்டது. தெரிந்த பிறகும் சாதாரண சளிக்கு, அதுவும் வைரஸால் வருகிற சளிக்கு, "ஆண்டிபயாடிக் கொடுங்க டாக்டர்" என்று நாமே கேட்டு வாங்கினால், எண்ணம் இல்லை என்று எப்படிச் சொல்வது? அகிம்சை என்றதும் நமக்குச் சைவச் சாப்பாடுதான் ஞாபகம் வருது. மீந்த மாத்திரையைக் கழிவறையில் கொட்டுவதும் அந்தக் கணக்கில் வரணும் என்றுதான் நினைக்கிறேன்.

நான் படிப்பது பொறியியல். கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தை வடிவமைக்கும்போது பி.ஓ.டி. எவ்வளவு, மிதக்கும் திடப்பொருள் எவ்வளவு என்றுதான் கணக்குப் போடுகிறோம். மருந்துக்கு அடங்காத மரபணு எவ்வளவு வெளியேறுகிறது என்று அந்தக் கணக்கு கேட்பதே இல்லை. நாளைக்கு நான் வரையும் நிலையம் சட்டப்படி சரியாகவே இருக்கும். அதன் குழாய் முடியும் இடத்தில் நீந்துகிற உயிருக்கு அந்தச் சட்டம் என்ன பதில் சொல்லும்?