விலை சொல்பவர் யார்?

காப்பிப் பழம் பறிப்பவர் ஒருவர். அதற்கு விலை சொல்பவர் வேறொருவர். விளைவித்தவன் கைகட்டிக் கேட்டு நிற்க, வாங்க வந்தவன் விலை சொல்லும் இந்த விந்தையை நாட்டின் எப்பகுதியிலும் காணலாம். எனினும் சேர்வராயன் மலையிலே, கொட்டச்சேட்டுப் பக்கத்திலே, அது வெட்டவெளிச்சமாகத் தெரிகிறது.

சேலத்திலிருந்து குப்பனூர் வழியாக ஏற்காட்டுக்கு ஏறும் பாதையிலே உள்ள ஊர் கொட்டச்சேடு. நெட்டையாக நிற்கும் சில்வர் ஓக் மரங்கள், அவற்றைத் தழுவி ஏறும் மிளகுக் கொடிகள், அந்த நிழலிலே காப்பிச் செடிகள். 1820களில் சேலத்து ஆட்சியராக இருந்த காக்பர்ன் துரை இம்மலைக்குக் காப்பியைக் கொண்டுவந்தார் என்பது வரலாறு. இருநூறு ஆண்டுகள்! ஏழெட்டுத் தலைமுறைகள்! அத்தனை தலைமுறையும் இங்கு வாழ்ந்திருப்பவர் மலையாளி மக்கள். கேரளத்தவர் அல்லர், காஞ்சியிலிருந்து வந்த அண்ணன் தம்பியர் மூவரின் வழியினர் யாம் என்று கதை சொல்லும், தமிழ் பேசும் மலைக்குடியினர். தோட்டங்களிலே கூலிக்குப் பறித்தும், தத்தம் சிறு நிலத்திலே பயிரிட்டும் வருகின்றனர். செடியைத் தாக்கும் நோய் அறிவர். மேகத்தைப் பார்த்து மழை அறிவர். எந்தப் பழம் இன்று பறிக்கத்தக்கது, எது நாளைக்கு என்பதை விரல் நுனியால் அறிவர். விலை எங்கே, எவ்வாறு பிறக்கிறது என்பதை மட்டும் அவர்களுக்கு எவரும் சொல்லித் தரவில்லை.

எங்கே பிறக்கிறது? அராபிகா வகைக் காப்பியின் உலக விலைக்கு அளவுகோல் நியூயார்க் நகரத்துச் சந்தை. 2021ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் பிரேசில் நாட்டுத் தோட்டங்களிலே உறைபனி கொட்டிற்று. உலகெங்கும் காப்பி விலை ஏறிற்று. கொட்டச்சேட்டிலே கொட்டாத பனி, கொட்டச்சேட்டுக் காப்பிக்கு மதிப்பை உயர்த்திற்று! சேதி முதலில் யாரைச் சேரும்? வணிகரை. பூவும் பிஞ்சுமாக இருக்கும்போதே முன்பணத்தை நீட்டி, "என்ன பெரியவரே, பெண்ணுக்குக் கல்யாணமாமே!" என்று கனிவோடு பேசுகிறவனுக்குத் தெரிந்திருக்கும் ஒரு சேதி, முன்பணத்தைக் கண்ணில் ஒற்றிக்கொள்கிற பெரியவருக்குத் தெரியாது. இதிலே களவு இல்லை, கன்னக்கோல் இல்லை. ஒருவனுக்குத் தெரிந்தது மற்றவனுக்குத் தெரியவில்லை, அவ்வளவே. அந்த "அவ்வளவே"யில் ஒரு குடும்பத்தின் ஓராண்டு உழைப்பு அடங்கிப்போகிறது.

காப்பிக்கென 1942இல் ஒரு சட்டம் வந்தது. விளைந்த காப்பியைக் காப்பி வாரியத்தின் பொதுக் களஞ்சியத்திலே சேர்த்து, வாரியமே விற்ற காலம் அரை நூற்றாண்டு நீடித்தது. அம்முறை 1990களில் படிப்படியாகத் தளர்ந்து, 1996இல் முற்றாக நீங்கியது. விடுதலை பெற்றது சந்தை என்றனர். சந்தை விடுதலை பெற்றது மெய். சந்தைக்கு வருவோர் அனைவரும் பெற்றனரா? பத்தாண்டுக்குள் உலக விலை சரிந்தபோது, ஏன் சரிந்தது என்று கேட்கவும் வழியற்றுக் கிடந்தவர் சிறு விவசாயிகளே.

சரி, பள்ளிக்கூடம் என்ன செய்கிறது?

வணிகக் கல்வி நமக்குப் புதிதன்று. 1886லேயே சென்னையில் பச்சையப்பன் அறநிலையத்தார் வணிகப் பள்ளி ஒன்றைத் தொடங்கினர்; இந்தியாவில் அதுவே முதல் என்பர். ஆனால் அந்நாளில் அக்கல்வியை நாடச் செய்தது எது? வெள்ளையர் கம்பெனிகளுக்குக் கணக்கெழுத ஆள் வேண்டியிருந்தது. தட்டெழுத்து, சுருக்கெழுத்து, பேரேடு! முதலாளியின் இலாபத்தைப் பிழையின்றிக் கூட்டிக் காட்டும் குமாஸ்தா உருவானான். அந்த இலாபம் எங்கிருந்து வந்தது என்று கேட்கும் மாணவன் உருவாகவில்லை. 1978இல் மேல்நிலைக் கல்வி வந்தபோது வணிகவியலும் கணக்குப்பதிவியலும் பதினோராம் வகுப்பிலே இடம் பெற்றன. 2018, 2019ஆம் ஆண்டுகளில் வெளிவந்த புதிய பாடநூல்களிலே சந்தையிடுகையும் நுகர்வோர் உரிமையும் இன்றைய இணைய வணிகமும் பேசப்படுகின்றன. வரவேற்கிறோம். ஆயினும் பதினோராம் வகுப்பை எட்டாமலே பள்ளியை விட்டு நிற்கும் மலைச் சிறுமிக்கு அந்த நூல் எதற்கு? எட்டியவளும் படிப்பது, கற்பனைக் கம்பெனி ஒன்றின் ஐந்தொகையை. தன் தாய் நேற்று நிறுத்துப் போட்ட மூட்டைக்கு வந்த காசு சரிதானா என்ற கணக்கு எந்தத் தாளிலும் இல்லை.

ஆகவே ஒன்பதாம் வகுப்பிலேயே தொடங்குக, ஊரில் விளையும் பொருளை வைத்தே தொடங்குக என்கிறோம். சொன்ன உடனே நம் தோழர்களிலேயே சிலர் துணுக்குறுவர்: "காப்பி பறிப்பவர் பிள்ளைக்குக் காப்பிப் பாடமா? இது குலக்கல்வி அல்லவா?"

கேட்க வேண்டிய கேள்வி. 1953இல் இராசாசி ஆட்சியிலே, பள்ளியில் ஒரு வேளை, மறுவேளை தகப்பன் தொழில் என்று ஒரு திட்டம் வந்ததையும், நாடே கொதித்தெழுந்ததையும், 1954இல் காமராசர் ஆட்சி அதனைக் கைவிட்டதையும் மறந்தோமில்லை. மறந்துவிட்டுப் பேசும் எந்தத் தொழிற்கல்விப் பேச்சையும் நம்பவேண்டாம் என்றே சொல்வோம். ஆனால் அத்திட்டம் கொடுத்தது எது? தகப்பன் ஏற்கெனவே அறிந்த வேலையை. சவரக் கத்தியை, மண்வெட்டியை, துணி வெளுக்கும் கல்லை. நாம் கேட்பது, தகப்பனுக்கு மறைக்கப்பட்டதை. தராசு முத்திரையை, ஒப்பந்தத்தின் பொடி எழுத்தை, வட்டிக் கணக்கை, விலையின் பிறப்பை. குலக்கல்வி, பிள்ளையைத் தோட்டத்திலேயே நிறுத்திவைக்கும் வேலி. இந்தப் பாடத்தைக் கற்ற பெண் மருத்துவராகப் போகட்டும், பொறியாளராகப் போகட்டும். போகிற நாளில் தன் வீட்டாரை ஏமாறாத நிலையில் விட்டுச் செல்வாள். இன்னொன்று: இது மலைப் பிள்ளைகளுக்கு மட்டும் ஒதுக்கப்படும் பாடமானால் நாமே எதிர்ப்போம். அதே ஏற்காட்டில் 1917இல் தொடங்கிய மான்ட்ஃபோர்ட் பள்ளியின் மாணவரும், சேலத்துக் கடைவீதிப் பிள்ளைகளும் இதே கணக்கைப் போடட்டும். காப்பி குடிக்கிறவன் வீட்டுப் பிள்ளைக்கும் காப்பி பறிக்கிறவளின் கூலி தெரியவேண்டும்.

மற்றோர் எதிர்ப்பு ஒழுக்கத்தின் பெயரால் வரும். பச்சைப் பிள்ளைக்கு விற்பனைத் தந்திரம் கற்பிப்பதா, நெஞ்சம் கெட்டுவிடாதா என்பர். இப்படிக் கேட்கிறவர்களில் பலர் தம் பிள்ளைகளைக் கல்லாவருகே உட்காரவைத்து அத்தந்திரத்தை வீட்டிலேயே ஊட்டுகிறவர்கள் என்பது வேடிக்கை! வேதம் ஒரு கூட்டத்தின் சொத்தாக இருந்தது போலவே, வணிகக் கணக்கும் சில வீடுகளின் சொத்தாக இருந்துவந்தது. பள்ளியிலே சொல்லித்தர மறுத்தால் தந்திரம் ஒழியாது, சிலரிடம் தங்கும்.

ஆனாலும் அவ்வெதிர்ப்பிலே ஓர் உண்மைத் துளி உண்டு. அதைத் தள்ளிவிட மாட்டோம். சர்க்கரைப் பாகைப் புட்டியில் அடைத்து "மலைத்தேன்" என்று சீட்டு ஒட்டினால் சுற்றுலா வருவோர் வாங்குவர். அதுவும் சந்தையிடுகைதானே என்று ஒரு மாணவன் கேட்டால் ஆசிரியர் என்ன சொல்வார்? காப்பித் தூளையே எடுத்துக் காட்டலாம். சிக்கரி கலந்த தூளில் 49 விழுக்காடு வரை சிக்கரி இருக்கச் சட்டம் இடந்தருகிறது. அளவை உறையிலே அச்சிட்டாக வேண்டும். உறையின் முன்பக்கத்தில் பனி தவழும் மலை, ஆவி பறக்கும் குவளை. அளவோ ஓர் ஓரத்தில், சிறிய எழுத்தில். அந்த உறையை வகுப்பிலே மேசைமேல் வைத்து, இதிலே பொய் இருக்கிறதா, மறைப்பு இருக்கிறதா, பொய்க்கும் மறைப்புக்கும் எத்தனை தூரம் என்று ஒருமணி நேரம் வாதாடவிடுவது, அறநெறி வகுப்பில் பத்து நீதிக்கதை சொல்வதைவிடப் பயன் தரும்.

கடினமான கேள்வி வேறு. இப்பாடத்தை நன்றாகக் கற்ற பையன் ஒருவன், நாளை முன்பணத்தோடு தன் ஊருக்கே தரகனாக வந்து நின்றால்? வருவான், சிலர் வரத்தான் செய்வர். கல்வி எவரையும் நல்லவராக்கும் என்று நாம் உறுதி கூறவில்லை. ஊரில் ஒருவன் மட்டும் அறிந்திருந்தால் அவன் அறிவு மற்றவர் கழுத்துக்குக் கயிறு. முப்பது பேர் அதே வகுப்பில் அதே கணக்கைப் போட்டிருந்தால், அவன் சொல்லும் விலையை இருபத்தொன்பது பேர் சரிபார்ப்பர். காப்பி வாரியம் வெளியிடும் விலைப் பட்டியலைக் கைப்பேசியிலே பார்க்க இன்று இயலும். பார்க்கவும், பார்த்தபின் கேட்கவும் துணிவு வேண்டும். அதனாலேதான் தேர்ந்த சிலருக்கென்று அல்லாமல் எல்லாருக்கும் என்கிறோம்.

டில்லியிலே 2021இல் அரசுப் பள்ளி மாணவருக்குத் தலைக்கு 2000 ரூபாய் முதல் கொடுத்துத் தொழில் தொடங்கச் சொன்னார்கள். ஊக்கம் நல்லது. எனினும் போட்டியில் வென்ற சிலரைத் தொலைக்காட்சியில் காட்டியதைவிட, தோற்றவரை உட்காரவைத்து ஏன் தோற்றாய் என்று கணக்குக் கேட்டிருந்தால் அது கல்வி. ஆந்திரத்து அரக்குப் பள்ளத்தாக்கிலே பழங்குடியினர் விளைவிக்கும் காப்பி, 2017இல் பாரிசு நகரில் தன் பெயரால் ஒரு கடையே கண்டது. பழுத்ததை மட்டும் பறித்தல், தரம் பிரித்தல், ஊரின் பெயரையே முத்திரையாக்கல் ஆகியவை அதன் வழிகள். நம் மாணவர் படிக்கத்தக்க கதை. அந்தப் பெயர் யாருக்குச் சொந்தம், பாரிசுக் குவளையின் விலையில் பறித்தவருக்கு எத்தனை பங்கு என்ற கேள்விகளோடு சேர்த்துப் படிக்கத்தக்கது.

யார் கற்பிப்பது என்பர். எடை அளவு ஆய்வாளர் ஒரு நாள் வந்து முத்திரையைக் காட்டட்டும். கூட்டுறவுச் சங்கத்துச் செயலாளர் ஒரு நாள் வந்து பிள்ளைகளின் கேள்விக்குப் பதில் சொல்லட்டும். எஞ்சியதைக் கணக்கு ஆசிரியரே பார்த்துக்கொள்வார். அவருக்கு உதவியாக, ஒன்பதாம் வகுப்புத் தாளுக்கு ஒரு வினா எழுதித் தருகிறோம்:

"ஒரு குடும்பம் 360 கிலோ காப்பிப் பழம் விற்றது. 6 கிலோ பழத்துக்கு 1 கிலோ கொட்டை. வறுக்கும்போது எடையில் ஆறில் ஒரு பங்கு குறையும். கிடைக்கும் தூள் எவ்வளவு? உங்கள் ஊரில் பழத்தின் விலையையும் கடையில் தூளின் விலையையும் கேட்டறிந்து, இடையிலுள்ள தொகை யார் யாருக்குச் செல்கிறது என எழுதுக. அவற்றுள் எது உழைப்புக்கான கூலி, எது அல்ல? காரணம் தருக."