புதினாக் கொத்து வாங்காத பயணி



மொராக்கோ நாட்டில் ஃபெஸ் என்றொரு பழைய நகரம் இருக்கிறது. 859-இல் தொடங்கிய கராவிய்யீன் பள்ளிவாசல் இன்றும் அங்கே நிற்கிறது. மதிலுக்கு உட்பட்ட பழைய ஊரின் சந்துகளில் கார் நுழைய முடியாது. சுமை பெரும்பாலும் கழுதை முதுகிலும் கோவேறு கழுதை முதுகிலும்தான். ஓட்டி வருகிறவர் பின்னாலிருந்து “பாலக், பாலக்” என்று குரல் கொடுப்பார். சுவரோடு ஒட்டி நின்று வழிவிட வேண்டும். அப்படி நான் ஒதுங்கி நின்றபோது கடந்து போன கழுதையின் முதுகில் மடித்துப் போட்ட பச்சைத் தோல் இருந்தது. தோல் பதனிடும் ஊரான ஆம்பூரில் பிறந்து வளர்ந்தவனுக்கு அதற்குமேல் வழிகாட்டி எதற்கு? அந்தக் கழுதையின் பின்னாலேயே நடந்தேன்.

போய்ச் சேர்ந்த இடம் ஷுவாரா. பல நூற்றாண்டுகளாகத் தோல் பதனிடும் இடம். திறந்த வெளியில் வரிசை வரிசையாகக் கல்தொட்டிகள். வெள்ளையாகத் தெரியும் தொட்டிகளில் சுண்ணாம்பும் புறா எச்சமும் கலந்த நீர். மற்றவற்றில் மஞ்சள், சிவப்பு, பழுப்பு என்று சாயங்கள். ஆட்கள் தொடைவரை இறங்கி நின்று தோலை மிதிக்கிறார்கள். சுற்றிலும் உள்ள கட்டடங்களில் தோல் பொருள் கடைகள். கடைக்குள் நுழைந்து மாடி ஏறினால் மேலிருந்து எல்லாவற்றையும் பார்க்கலாம். ஏறும்போதே கடைக்காரர் ஒரு கொத்துப் புதினாவைக் கையில் தருகிறார். நாற்றம் தாங்காத பயணிகள் மூக்கருகே பிடித்துக்கொள்ளத்தான்.

நான் வேண்டாம் என்றேன். சுண்ணாம்புக் குழியின் அந்த வாடை நான் பள்ளிக்கூடம் போன வழியெல்லாம் இருந்தது. வாணியம்பாடிக்குப் போனாலும் பேரணாம்பட்டுக்குப் போனாலும் இருந்தது. மொழி தெரியாத ஊரில், காலையிலிருந்து ஒருவரோடும் வாய்விட்டுப் பேசாமல் அலைந்த எனக்கு அந்த நாற்றம் அவ்வளவு ஆறுதலாக இருந்தது. பக்கத்தில் நின்றவர்கள் புதினாவை முகர்ந்தபடி படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். வண்ணத் தொட்டிகள் படத்தில் மிக அழகாக விழும். என் கண் போனதோ தொட்டிக்குள் நிற்கிறவரின் காலுக்கு. சுண்ணாம்புத் தண்ணீரில் நாள் முழுவதும் நின்ற கால் ராத்திரியில் எப்படி எரியும் என்று எங்கள் ஊரில் கேட்டால் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். விரல் இடுக்கில் வெடிப்பு, நகக்கண்ணில் போகாத சாயம். மாடியிலிருந்து பார்த்தால் அது தெரியாது.

ஃபெஸ் நகரத்தில் எனக்குக் கோபமும் வந்தது. அதையும் சொல்லிவிட வேண்டும். “இந்தப் பக்கம் வழி அடைத்திருக்கிறார்கள்” என்று சொல்லி, கூடவே நடந்து, கடைசியில் காசு கேட்கிற இளைஞர்கள் அங்கே உண்டு. தனியாக வருகிறவனைத் தூரத்திலேயே கண்டுகொள்வார்கள். இருட்டிய பிறகு சந்துக்குள் திரும்பும்போது பயமாக இருந்தது. சாப்பாட்டு வேளைதான் எல்லாவற்றையும்விடக் கடினம். குடும்பம் குடும்பமாக உட்கார்ந்திருக்கும் கடையில் ஒற்றை ஆளாக ஒரு மேசையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால் சோறு தொண்டையில் இறங்காது. ஊர் திரும்பியதும் எல்லோரும் “எப்படி இருந்தது?” என்று கேட்கிறார்கள். பிரமாதம் என்கிறோம். இந்தப் பாதியை விழுங்கிவிடுகிறோம்.

விழுங்காமல் எழுதிய பெரியவர்கள் நம்மிடையே இருந்திருக்கிறார்கள். 1911-இல் கோட்டையூரில் பிறந்த ஏ.கே. செட்டியாரை நினைத்துக்கொள்கிறேன். டோக்கியோவில் ஒளிப்படக் கலை படித்தவர். காந்தியடிகளைப் பற்றிய படச்சுருள்களைத் தேடி உலகமெல்லாம் அலைந்து, 1940-இல் அதை ஆவணப்படமாக வெளியிட்டவர். ‘உலகம் சுற்றும் தமிழன்’ என்றே அவருக்குப் பெயர். அவருடைய பயணக் கட்டுரைகளில் எனக்குப் பிடித்தது, கோபுரங்களையும் அரண்மனைகளையும்விடச் சாதாரண மனிதர்களுக்கு அவர் கொடுக்கும் இடம். தன்னைப் பற்றிக் குறைவாகச் சொல்லுவார். எதிரில் வந்தவரைப் பற்றி நிறையச் சொல்லுவார். தனியாகப் போகிறவருக்கு அது வாய்க்கும். கூட்டமாகப் போனால் நாம் நம்மோடேயே பேசிக்கொண்டிருப்போம்.

எங்கள் பகுதியிலிருந்து தனியாக வெளிநாடு போகிறவர்கள் நிறைய. மிலான் நகரில் பிப்ரவரியிலும் செப்டம்பரிலும் நடக்கும் லீனியாபெல்லே தோல் கண்காட்சிக்கு ஆம்பூர், ராணிப்பேட்டை ஆட்கள் மாதிரித் தோல்களைப் பெட்டியில் கட்டிக்கொண்டு போவார்கள். மிலான் பற்றி அதிகம் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. கடைத்தெருவில் கண்ணாடிக்குப் பின்னால் இருந்த ஷூக்களின் விலையைப் பார்த்துக்கொண்டு நின்றேன், அவ்வளவுதான்.

ஆனால் ஃபிளாரன்சுக்கும் பீசாவுக்கும் நடுவில், ஆர்னோ ஆற்றங்கரையில், சாந்தா குரோசே என்று ஒரு சிற்றூர் இருக்கிறது. சாய்ந்த கோபுரம் பார்க்கப் போகிற பயணிகள் ரயிலில் அந்தப் பக்கத்தைத் தாண்டிப் போய்விடுவார்கள். ஊர் முழுவதும் டேனரிகள். ஆம்பூரின் அதே வாடை. அங்கே வேலை செய்கிறவர்களில் ஆப்பிரிக்காவின் செனகல் நாட்டிலிருந்து வந்தவர்கள் பலர். ஒரு காப்பிக் கடையில், ஷிஃப்ட் முடிந்து வந்த செனகல்காரர் ஒருவர் என் பக்கத்தில் நின்றார். அவருக்கு ஆங்கிலம் வராது, எனக்கு இத்தாலி மொழி வராது. அவர் கையில் சாயக்கறையைப் பார்த்ததும் நான் தொட்டுக் காட்டினேன், “இந்தியா, இதே வேலை” என்றேன். புரிந்துகொண்டார். காகிதத் துண்டில் தன் மாதச் சம்பளத்தை எழுதிக் காட்டினார். எங்கள் ஊரில் ஒரு தொழிலாளிக்குக் கிடைப்பதை யூரோவாக மாற்றி நானும் கீழே எழுதினேன். அவர் அதையே பார்த்தார். ஒரு சைபர் விட்டுப்போயிற்றோ என்று நினைத்துப் பேனாவை மறுபடி என் பக்கம் தள்ளினார்.

அன்று மாலை ஆர்னோ பாலத்தில் நின்றேன். அந்த ஊரிலும் தோல் கழிவு பெரிய பிரச்சினைதான். பொதுச் சுத்திகரிப்பு நிலையம் கட்டித்தான் சமாளிக்கிறார்கள். இருந்தாலும் ஆற்றில் தண்ணீர் ஓடுகிறது. நம் பாலாற்றைத் தோல் கழிவிலிருந்து காக்க வேலூர் குடிமக்கள் நல மன்றம் உச்ச நீதிமன்றம்வரை போக வேண்டியிருந்தது. 1996 ஆகஸ்டில் தீர்ப்பு வந்தது. மாசு செய்தவனே அதன் செலவையும் ஏற்க வேண்டும் என்றது நீதிமன்றம். டேனரி ஒவ்வொன்றுக்கும் பத்தாயிரம் ரூபாய் அபராதம் விதித்தது. நம் பக்கத்திலும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் இருக்கின்றன. 2015 ஜனவரி 31 அன்று ராணிப்பேட்டை சிப்காட்டில் அப்படிப்பட்ட ஒரு நிலையத்தின் கழிவுத் தொட்டிச் சுவர் இடிந்தது. பக்கத்து டேனரியில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் மேல் கழிவு பாய்ந்து 10 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். அவர்களுக்கு ராணிப்பேட்டை மொழி தெரியாத வெளியூர்தான்.

இதைத்தான் இன்று காலை உங்களோடு பேச நினைத்தேன். அந்நிய நகரம் என்றால் நமக்கு உடனே பாரிஸ், லண்டன் ஞாபகம் வருகிறது. வேலூரே எத்தனையோ பேருக்கு அந்நிய நகரம். காட்பாடி ரயில் நிலையத்தில் ஹவுராவிலிருந்து வரும் வண்டி நின்றதும் இறங்குகிற கூட்டத்தைப் பாருங்கள். தோளில் பை, கையில் ஸ்கேன் படம் வைத்த பெரிய உறை. வங்காளம், ஜார்க்கண்ட், அசாம், எல்லை தாண்டி வங்கதேசம் என்று பல திசைகளிலிருந்து வருகிறார்கள். ராணிப்பேட்டையில் 1870-இல் பிறந்த ஐடா ஸ்கடர் என்ற அமெரிக்கப் பெண்மணி 1900-இல் வேலூரில் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கிய மருத்துவமனைதான் இன்றைய சி.எம்.சி. அதை நம்பித்தான் இவ்வளவு பேரும் வருகிறார்கள்.

வேலூர் காந்தி ரோட்டில் நடந்து பாருங்கள். லாட்ஜ் பலகையில் வங்காள எழுத்து, மருந்துக்கடையில் வங்காள எழுத்து, மீன் குழம்புச் சோறு போடுகிற மெஸ். வாரக்கணக்கில் தங்க வேண்டியிருப்பதால் லாட்ஜிலேயே அடுப்பும் பாத்திரமும் வாடகைக்குக் கிடைக்கும். தாங்களே பொங்கிச் சாப்பிடுவார்கள். பரிசோதனை முடிவு வருகிறவரை ஒரு நாள் கிடைத்தால் கோட்டையையும் ஜலகண்டேஸ்வரர் கோவிலையும் பார்க்கப் போவார்கள். 2024 ஆகஸ்டுக்குப் பிறகு விசா கெடுபிடியால் வங்கதேசத்தவர் வரவு குறைந்தபோதுதான் அந்தத் தெருவுக்கு அவர்கள் எவ்வளவு வேண்டியவர்கள் என்று தெரிந்தது.

அவர்களில் தனியாக வருகிறவர்களும் உண்டு. நோயாளியும் அவரே, துணையும் அவரே. நான் ஃபெஸ் சந்தில் பயந்தது ஒரு சுற்றுலாப் பயணியின் பயம். அடுத்த நாள் ஊர் மாறினால் தீர்ந்துவிடும். இவர் ஊர் மாற முடியாது. மருத்துவர் என்ன சொன்னார் என்பதை அறைக்குப் போய் யாரிடமும் சொல்ல முடியாது. ஆட்டோவில் சொன்ன தொகை நியாயமானதா என்று கேட்க ஆளில்லை.

அந்த மனிதர் ஊர் திரும்பி, ராஜ்ஷாஹியிலோ மால்டாவிலோ ஒரு திண்ணையில் உட்கார்ந்து, வேலூர் என்ற அந்நிய நகரத்தைப் பற்றி என்ன சொல்வார்? செவிலியரைப் பற்றி, லாட்ஜ்காரரைப் பற்றி, இட்லியைப் பற்றி, வெயிலைப் பற்றி? யாராவது அதை வங்காள மொழியில் புத்தகமாக எழுதினால், ஒருவர் அதைத் தமிழில் கொண்டுவர வேண்டும் என்பது என் மனமார்ந்த ஆசை. நம்மைப் புகழ்ந்த பக்கங்களையும், ஆட்டோ கட்டணம் பற்றிய பக்கத்தையும் ஒரு வரி விடாமல் நாம் படிக்க வேண்டும்.